காலமும் தொழிலும்

"நீ படித்து என்ன ஆகப் போகிறாய்?" என்னும் கேள்வியைக் கேளாத மாணவர் இலர். வீட்டிற்கு வரும் உறவினர் கேட்பர். அண்டை வீட்டார் கேட்பர். பேருந்தில் அருகே அமர்ந்தவரும் கேட்பர். ஆசிரியர், மருத்துவர், பொறியாளர், ஆட்சியர் என்று ஏதேனும் ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் கேட்டவர் மகிழ்வார்; சொன்னவரும் கேள்வி தீர்ந்தது என்று எண்ணுவார். ஆனால், தொழில் தேர்வு ஒரு பெயரைச் சொல்வதோடு முடிந்துவிடும் செயல் அன்று. தொழில்களின் பெயர்கள் மாறுகின்றன, சில மறைகின்றன, நேற்று இல்லாத சில இன்று தோன்றுகின்றன. இன்னும் சில ஆண்டுகளில் கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் புகவிருக்கும் மாணவர்கள் இம்மாற்றத்தின் இயல்பை இப்போதே அறிந்துகொள்ளுதல் நலம்.

நம் நாட்டு நகரங்களில் ஒரு காலத்தில் எங்கு நோக்கினும் தட்டச்சுப் பயிலகங்கள் இருந்தன. மாலை வேளையில் அவற்றைக் கடந்து செல்வோர் காதுகளில் பொறிகளின் ஓசை இடையறாது விழும். பள்ளிப் படிப்பை முடித்தவர் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றுத் தேர்ந்தால் அலுவலகம் ஒன்றில் இடம்பெறலாம் என்று பெற்றோர் நம்பினர். அந்நம்பிக்கை பொய்யன்று, அவ்வழியே உயர்ந்த குடும்பங்கள் மிகப் பல. கோத்ரெஜ் நிறுவனம் 1955ஆம் ஆண்டில் நம் நாட்டிலேயே தட்டச்சுப் பொறிகளைச் செய்யத் தொடங்கியது. அதே நிறுவனம் 2009ஆம் ஆண்டில் அவற்றைச் செய்வதை நிறுத்திவிட்டது. அலுவலக மேசைகளில் அப்பொறி இருந்த இடத்தில் கணினி வந்து அமர்ந்தது.

அச்சகங்களில் நிகழ்ந்ததும் இதுவே. ஈய எழுத்துகளை அறைப்பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அச்சுக்கோப்பவர்கள் வரிவரியாக அடுக்குவார்கள். கண்ணாடியில் தெரியும் உருவைப் போல இடம் வலம் மாறி நிற்கும் அவ்வெழுத்துகளைத் தடையின்றிப் படிக்கும் அவர்களுடைய திறமை வியப்புக்குரியது. கணினி வந்தபின் ஈய எழுத்துகள் உருக்கப்பட்டன, அறைப்பெட்டிகள் விறகாயின. எழுத்தை எடுத்து அடுக்க மட்டுமே கற்றிருந்தவர்கள் பெரிதும் இடர்ப்பட்டனர். சொற்பிழையும் சந்திப்பிழையும் காணக் கற்றிருந்தவர்களும், ஒரு பக்கத்தின் அழகு எதனால் அமைகிறது என்று அறிந்திருந்தவர்களும் கணினியின் முன் அமர்ந்து அதே பணியைத் தொடர முடிந்தது. கருவி மாறியது, ஆனால், அவர்களுடைய அறிவு மாறவில்லை. அவ்வறிவுக்குப் புதிய கருவியும் ஏவல் செய்தது.

கருவி வேறு, திறன் வேறு என்பதை இவ்விரு செய்திகளும் நமக்கு உணர்த்துகின்றன. கருவியை மட்டும் கற்றவன் கருவியோடு பழையவன் ஆகிறான். கருவியின் வழியே திறனைக் கற்றவன் அடுத்த கருவி வரும்போது அதனையும் கையிலெடுத்துக்கொள்கிறான்.

பொறிகள் மனிதரின் வேலையை எவ்வாறு மாற்றுகின்றன என்பதையும் சற்று ஆராய்வோம். ஒரு தொழில் என்பது பல சிறு வேலைகளின் தொகுதி. பொறி பெரும்பாலும் தொழில் முழுவதையும் ஒரே நாளில் விழுங்குவதில்லை. திரும்பத் திரும்ப ஒரே முறையில் செய்யப்படும் சிறு வேலைகளையே முதலில் எடுத்துக்கொள்கிறது. அமெரிக்க நாட்டு வங்கிகளில் தானாகப் பணம் வழங்கும் பொறிகள் பரவியபோது, காசாளர்களுக்கு இனி வேலை இராது என்று பலர் எண்ணினர். ஜேம்ஸ் பெசன் என்னும் பொருளியல் அறிஞர் இதனை ஆராய்ந்தார். 1988ஆம் ஆண்டில் நகர்ப்புற வங்கிக் கிளை ஒன்றுக்குச் சராசரியாக 20 காசாளர்கள் இருந்தனர். 2004ஆம் ஆண்டில் அவ்வெண்ணிக்கை 13 ஆகக் குறைந்தது. ஆயினும், கிளையை நடத்தும் செலவு குறைந்தமையால் வங்கிகள் புதிய கிளைகள் பலவற்றைத் திறந்தன. ஆகவே, நாடு முழுமைக்கும் காசாளர் தொகை உடனே வீழ்ந்துவிடவில்லை. நோட்டு எண்ணும் வேலை குறைந்தது. வாடிக்கையாளரோடு பேசி அவர் தேவையை அறிந்து உதவும் வேலை மிகுந்தது. பின்னர்க் கைப்பேசி வழியே வங்கிப் பணிகள் நிகழத் தொடங்கியபோது, அத்தொகையும் குறையலாயிற்று. பொறியால் ஒன்றும் ஆகாது என்று வாளா இருத்தலும் தவறு. எல்லாம் போயிற்று என்று அஞ்சி ஒடுங்குதலும் தவறு என்பது இதனால் விளங்கும்.

இப்போது நாம் காணும் மாற்றம் முன்னவற்றினும் விரைவுடையது. 2022ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30ஆம் நாள் சாட்ஜிபிடி என்னும் உரையாடும் செயற்கை நுண்ணறிவு பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. கடிதம் வரைதல், நீண்ட அறிக்கையைச் சுருக்குதல், மொழிபெயர்த்தல், கணினிக்கு நிரல் எழுதுதல் ஆகியவற்றை இத்தகைய மென்பொருள்கள் சில நொடிகளில் செய்துகாட்டுகின்றன. இங்கேதான் கல்லூரி மாணவர் நின்று எண்ண வேண்டிய இடம் ஒன்று உள்ளது. இவ்வேலைகளே இதுகாறும் புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களுக்குக் கொடுக்கப்பட்டு வந்தவை. எளிய வேலைகளைச் செய்து, பிழை செய்து, மூத்தவர் திருத்தக் கற்று, இளைஞர்கள் படிப்படியாக உயர்ந்தனர். அந்த முதற்படி தேயுமானால், ஏணியில் ஏற வந்தவர் எங்கே கால் வைப்பது?

இதற்கு விடை ஒன்று உண்டு. பணியின் முதலாண்டில் கற்றவற்றுள் ஒரு பகுதியைப் படிக்கும் காலத்திலேயே கற்றுக்கொள்ள வேண்டும். பொறி விடை தருகிறது. அவ்விடை சரியானதா, பிழைபட்டதா என்று சொல்ல ஒருவர் வேண்டும். பொறி நயமாகப் பேசிக்கொண்டே தவறும் இயல்புடையது. அத்தவற்றைக் கண்டறிய, பொருளை ஆழ்ந்து கற்றிருத்தலும், அப்பொருள் வாழ்வில் எங்கே எவ்வாறு பயன்படுகிறது என்று கண்ணால் கண்டிருத்தலும் தேவை. இவ்விரண்டும் இல்லாதார் பொறியைப் பயன்படுத்துவதாக எண்ணிக்கொண்டு, அது சொல்லும் வழியில் கண்ணை மூடிக்கொண்டு செல்வர்.

விருதுநகரில் வணிகவியல் பயிலும் மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். அவள் குடும்பத்தில் கல்லூரியில் கால் வைத்தவள் அவளே. படித்து முடித்ததும் வேலை கிடைத்துவிடும் என்று தாய் நம்பியிருக்கிறாள். அந்நம்பிக்கையின் சுமையை மகளும் அறிவாள். கணக்கியலை வகுப்பில் கற்கும் அவள், கணினியில் கணக்கு எழுதும் மென்பொருளையும், அட்டவணை அமைத்து எண்களை ஆராயும் மென்பொருளையும் பழகிக்கொள்கிறாள். இம்மட்டோடு நின்றால், அவளைப் போன்றோர் ஆயிரக்கணக்கில் இருப்பர்.

அவள் விடுமுறையில் ஊரிலுள்ள பருப்பு மண்டி ஒன்றில் கணக்கு எழுதச் செல்கிறாள். 2017ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நடைமுறைக்கு வந்த சரக்கு சேவை வரிக்குரிய கணக்கு எவ்வாறு எழுதப்படுகிறது என்பதை அங்கே பற்றுச்சீட்டுகளைக் கொண்டே கற்கிறாள். ஒருநாள் கிடங்கில் சில மூட்டைகளை முதியவர் ஒருவர் தனியே ஒதுக்குவதைக் கண்டு காரணம் கேட்கிறாள். "நெடுநாள் கிடந்த மூட்டை, அம்மா. இன்னும் வைத்திருந்தால் வண்டு விழுந்துவிடும்," என்கிறார் அவர். மூட்டை வந்த நாளைக் கணக்கு ஏட்டில் எவரும் குறிப்பதில்லை என்பது அப்போது அவளுக்குத் தெரிகிறது. அவள் கணினியில் ஓர் அட்டவணை அமைக்கிறாள். எந்த மூட்டை எந்நாளில் வந்தது, எத்தனை நாள் கிடந்தது, எதனை முதலில் விற்க வேண்டும் என்பதை அது காட்டுகிறது. நாள்களை எண்ணிக் கூட்டியது கணினி. எதனை எண்ண வேண்டும் என்று சொன்னவள் அவள். அதனைச் சொல்லும் அறிவு அவளுக்குக் கிடங்கின் புழுதியில் நின்றபோது வாய்த்தது. "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது," என்பர் பெரியோர். ஏட்டறிவோடு பட்டறிவும் சேரும்போது அதுவே பயன்படும் திறன் ஆகிறது.

தொழில் திட்டம் என்பது இத்தகைய திறனை வளர்த்துக்கொள்ளும் திட்டமே. அதனை ஒரு மரத்துக்கு ஒப்பிடலாம். ஆழ வேரூன்றிய அடிமரம் ஒன்று வேண்டும். கணக்கியல், உயிரியல், சட்டம், மின்னியல், மொழி என ஏதேனும் ஒரு துறையில் பெறும் ஆழ்ந்த அறிவே அவ்வடிமரம். அதினின்று கிளைகள் பல வெளிப்பட வேண்டும். கணினியைக் கையாளுதல், தெளிவாக எழுதுதல், பிறரோடு கூடிப் பணியாற்றுதல், தாய்மொழியோடு ஆங்கிலத்திலும் கருத்தை விளக்குதல் ஆகியன அக்கிளைகள். கிளைகள் இல்லாத மரம் நிழல் தாராது. அடிமரம் இல்லாமல் கிளைகளை மட்டும் நட்டவர் முதற்காற்றிலேயே அவற்றை இழப்பர். அண்டை வீட்டு மாணவர் எடுத்த பாடம் என்பதற்காகவோ, இவ்வாண்டு வேலை மிகுதி என்று கேள்விப்பட்டதற்காகவோ துறையைத் தேர்தல் கூடாது. பட்டம் பெற மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் ஆகும். சேரும்போது வீசிய காற்று வெளியேறும்போதும் வீசும் என்பதற்கு உறுதி இல்லை. தன் விருப்பம், தன் ஆற்றல், குடும்பத்தின் பொருள்நிலை ஆகியவற்றையும், அத்துறை செல்லக்கூடிய பல வழிகளையும் சீர்தூக்கித் துணிதல் வேண்டும்.

கல்லூரியில் முதலாண்டைத் தன்னையும் தொழிலுலகையும் அறிந்துகொள்ளப் பயன்படுத்தலாம். தான் விரும்பும் பணிக்கு இணையத்தில் வந்த அறிவிப்புகளில் இருபதைத் திரட்டி, அவை வேண்டும் தகுதிகளைப் பட்டியலிட்டுப் பார்க்கலாம். எத்தகுதி மீண்டும் மீண்டும் கேட்கப்படுகிறதோ அதனைக் கற்பதே முதற்கடமை. அத்தொழிலில் ஈடுபட்டுள்ளோர் சிலரை அணுகி, "உங்கள் ஒரு நாள் வேலை எவ்வாறு கழிகிறது?" என்று பணிவோடு கேட்கலாம். வெளியே தோன்றும் பெருமைக்கும் உள்ளே இருக்கும் உழைப்புக்கும் உள்ள வேறுபாடு அப்போது விளங்கும். இரண்டாம் ஆண்டில் ஒரு திறனையேனும் ஆழமாகப் பயிலலாம். அதன்பின் விடுமுறைகளில் பயிற்சிப் பணி ஒன்றில் சேரலாம். பெரிய நிறுவனமே வேண்டும் என்பதில்லை; அச்சகம், கூட்டுறவுச் சங்கம், மருந்துக் கடை, நூலகம் ஆகியனவும் கற்குமிடங்களே.

கற்பதற்கு வாய்ப்பு இல்லை என்று சொல்லும் நிலை இன்று பெரிதும் குறைந்துள்ளது. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் கூடி நடத்தும் என்பிடெல் திட்டத்தின் பாடங்களை எவ்வூரிலிருந்தும் கேட்கலாம். இந்திய அரசு 2017ஆம் ஆண்டில் சுவயம் என்னும் இணையவழிக் கல்வி மேடையைத் தொடங்கியது. தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் மாணவர்களுக்குத் திறன் பயிற்சியும் தொழில் வழிகாட்டலும் அளிக்கிறது. இவை நல்ல வாய்ப்புகள். ஆயினும், சான்றிதழ்களைக் குவிப்பதே நோக்கமாகிவிடல் ஆகாது. பத்துச் சான்றிதழ்களைக் காட்டுவதினும், தானே செய்து முடித்த ஒரு பணியைக் காட்டுதல் சிறப்புடையது.

செய்த பணியைப் பிறர் காணும்படி வைத்தலும் இக்காலத்தில் எளிதாகிவிட்டது. பின்லாந்து நாட்டின் எல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் பயின்ற லினஸ் டோர்வால்ட்சு என்னும் மாணவர், 1991ஆம் ஆண்டில் தம் 21ஆம் அகவையில், தாம் எழுதிவந்த இயக்க மென்பொருளைப் பற்றி இணையத்தில் அறிவித்துக் கருத்துக் கேட்டார். பெரிதாக ஒன்றும் இராது, பொழுதுபோக்காகச் செய்வது என்னும் கருத்துப்பட அடக்கமாகவே அவர் அறிவித்தார். உலகின் பல பகுதிகளிலிருந்தும் அறிந்தோர் அதனைத் திருத்தியும் வளர்த்தும் உதவினர். லினக்சு என்னும் பெயரோடு வளர்ந்த அம்மென்பொருளே இன்று இணையத்தின் பெரும்பகுதியைத் தாங்கும் கணினிகளில் இயங்குகிறது. எல்லாரும் டோர்வால்ட்சு ஆதல் இயலாது. ஆனால், முற்றுப்பெறாத வேலையையும் நாணாது காட்டி, குறையைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும் பண்பு எல்லார்க்கும் இயலும்.

இனி, வேலைக்கு விண்ணப்பிக்கும் முறையிலும் நேர்ந்துள்ள மாற்றத்தைக் காண்போம். இணையத்தில் வெளியாகும் ஓர் அறிவிப்பை நாடெங்கும் உள்ளவர் அதே நொடியில் படிக்கின்றனர். அதனால் சிற்றூர் மாணவருக்கும் பெருநகரத்தின் கதவு தெரிகிறது. போட்டியும் அவ்வளவுக்குப் பெருகுகிறது. வந்து குவியும் விண்ணப்பங்களை மனிதர் படிக்குமுன் மென்பொருள் படித்து வடிகட்டுவது பல நிறுவனங்களில் வழக்கமாகிவிட்டது. அறிவிப்பில் கேட்ட தகுதிகளுக்குரிய சொற்கள் விண்ணப்பத்தில் உள்ளனவா என்று அது ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஆகையால், தன் திறன்களை மழுப்பலாக அன்றி உரிய பெயர்களால் தெளிவாக எழுத வேண்டும். அழகு செய்வதற்காகப் படங்களும் கட்டங்களும் நிறைத்தால் பொறி படிக்க இடர்ப்படலாம். இல்லாத திறனை உண்டென்று எழுதினால் நேர்காணலில் அது வெளிப்பட்டே தீரும்.

பொறி நடுநிலை தவறாதது என்று எண்ணுதலும் பொருந்தாது. அமேசான் நிறுவனம் விண்ணப்பங்களைத் தரம் பிரிக்கும் மென்பொருள் ஒன்றை உருவாக்க முயன்றது. கடந்த பத்தாண்டு விண்ணப்பங்களைக் கொண்டு அது பயிற்றப்பட்டது. அவற்றுள் பெரும்பாலானவை ஆடவர் அனுப்பியவை. அதனால் பெண்களைக் குறிக்கும் சொல் வந்த விண்ணப்பங்களை அது கீழே தள்ளியது. அம்முயற்சி கைவிடப்பட்ட செய்தி 2018ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பழமையில் இருந்த கோணலைப் பொறியும் கற்றுக்கொள்ளும் என்பதற்கு இது சான்று. ஆகவே, ஒரு விண்ணப்பம் தள்ளப்பட்டால் தன் தகுதியே இல்லை என்று மாணவர் மனம் உடைதல் வேண்டா. விண்ணப்பத்தைத் திருத்துக, ஆசிரியர், மூத்த மாணவர், பயிற்சியளித்தவர் வாயிலாகவும் முயல்க. நம் வேலையை நேரில் கண்ட ஒருவர் நம்மைப் பற்றிச் சொல்லும் நல்ல சொல்லுக்கு இன்றும் மதிப்பு உண்டு.

இணையம் திறந்த கதவுகளுள் சில படுகுழிக்குச் செல்வன. 2022ஆம் ஆண்டில் தாய்லாந்தில் கணினி வேலை, நல்ல ஊதியம் என்னும் சொல்லை நம்பிச் சென்ற இந்திய இளைஞர் பலர், எல்லை கடத்தப்பட்டு மியான்மர் நாட்டின் மியாவாடிப் பகுதியில் அடைத்துவைக்கப்பட்டனர். இணையத்தில் பிறரை ஏமாற்றும் வேலையைச் செய்யுமாறு அவர்கள் வற்புறுத்தப்பட்டனர். அவர்களுள் தமிழரும் இருந்தனர். சிலர் மீட்கப்பட்டு அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் சென்னை வந்து சேர்ந்தனர். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கியதை ஒத்தது அவர்கள் பட்ட துன்பம். வேலை தருமுன் பணம் கேட்பவர், நேர்காணல் இன்றியே நியமன ஆணை அனுப்புபவர், இன்றே முடிவு சொல் என்று விரட்டுபவர், சுற்றுலா நுழைவுரிமையில் வெளிநாட்டு வேலைக்குச் செல்லச் சொல்பவர் ஆகியோரை ஐயுறுதல் வேண்டும். வெளிநாட்டுக்கு ஆள் எடுப்போர் அரசிடம் பதிவு பெற்றவரா என்று பார்த்த பின்னரே மேற்செல்ல வேண்டும். இணையவழிப் பண மோசடிக்கு ஆளானவர் 1930 என்னும் தொலைபேசி எண்ணில் உடனே முறையிடலாம். ஏமாந்ததற்கு வெட்கி மறைப்பதால் இழப்பு பெருகுமேயன்றிக் குறையாது.

வேலை என்றால் பெருநகரமே என்னும் எண்ணமும் மெல்ல மாறி வருகிறது. சோகோ என்னும் மென்பொருள் நிறுவனம் 2011ஆம் ஆண்டில் தென்காசிப் பகுதியில் ஓர் அலுவலகத்தைத் தொடங்கியது. வயலும் மலையும் சூழ்ந்த அவ்விடத்திலிருந்து உலக நாடுகள் பயன்படுத்தும் மென்பொருள்கள் உருவாகின்றன. உள்ளூரின் தேவையை அறிந்து தொழில் செய்வதும், உள்ளூரில் இருந்தே உலகுக்குத் தொழில் செய்வதும் இனி வளரும் வழிகளாம்.

உழவர் விதைக்குமுன் திட்டமிடுகிறார். மண்ணைப் பார்க்கிறார், பருவத்தைப் பார்க்கிறார், விதையைத் தேர்கிறார். மழை பிந்தினால் பயிரை மாற்றுகிறார், உழவை விடுவதில்லை. மாணவரின் தொழில் திட்டமும் அத்தகையதாதல் வேண்டும். ஆண்டுக்கொரு முறையேனும் அதனை எடுத்துப் பார்த்து, உலகில் மாறியது யாது, தான் கற்றது யாது, இனிக் கற்க வேண்டுவது யாது என்று ஆராய்ந்து திருத்திக்கொள்ள வேண்டும்.

இனி எவரேனும், "நீ என்ன ஆகப் போகிறாய்?" என்று கேட்டால் ஒரு பெயரைச் சொல்லுவதில் தவறில்லை. ஆனால், அதனோடு மற்றொரு கேள்வியை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: "எதனைச் செம்மையாகச் செய்ய நான் கற்றுக்கொண்டிருக்கிறேன்?" முதற்கேள்விக்குச் சொன்ன விடை காலத்தால் மாறலாம். இரண்டாம் கேள்விக்கு உண்மையான விடை உடையவர், காலம் மாறினும் கைத்தொழிலும் கண்ணியமும் குன்றாமல் வாழ்வர்.